பதினோரு நாளில் ஒரு நாவல்

போன இதழில் ஒரு வாசகர், "உங்களுக்குப் பிடித்த துப்பறியும் நாவலாசிரியர் யார்?" என்று கேட்டிருந்தார். ழார்ழ் சிமெனோன் என்று பதில் எழுதிவிட்டு, அவர் படைத்த கமிஷனர் மெக்ரேயோடு பழகிய பிறகு ஷெர்லக் ஹோம்ஸ் எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டார் என்றும் சேர்த்துவிட்டேன். அந்தக் கடைசி வரிதான் வினை. புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதி சண்டைக்கு வந்தவை, மீதி சிமெனோன் யார் என்று விசாரித்தவை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவரைப் பற்றி மட்டும்.

என் தாத்தா சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே திரும்பியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் சிமெனோன் புத்தகங்கள் ஏழெட்டு கிடக்கின்றன. இவர் பிரெஞ்சுக்காரரா? எந்தக் காலத்து ஆள்?
— அ.ம., குருசுக்குப்பம்

முதலில் அந்தப் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள் அம்மா. கடற்கரை ஓரத்து ஈரம் பழைய காகிதத்தைச் சும்மா விடாது.

பிரெஞ்சில் எழுதியவர், ஆனால் பிரெஞ்சுக்காரர் இல்லை. பெல்ஜியத்தின் லியேழ் நகரத்தில் 1903 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, நள்ளிரவு தாண்டிய கொஞ்ச நேரத்தில் பிறந்தார். வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றும் சேர்ந்து வந்தால் அங்கே ஆகாது என்பார்கள், அதனால் வீட்டார் பதிவேட்டில் 12 என்று எழுதவைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்தில் பிறக்கவைக்கப்பட்ட நம் தலைமுறைக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்பா இன்ஷூரன்ஸ் அலுவலகக் குமாஸ்தா, அமைதியான மனிதர். அம்மா வீட்டு அறைகளை வெளிநாட்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சாப்பாடும் போட்டவர், பணக்கவலை அவரைக் கடைசிவரை விடவில்லை. அப்பாவுக்கு இதய நோய் என்று தெரிந்ததும் பையனின் படிப்பு பதினைந்து வயதில் நின்றது. 1919ல் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் நிருபர் வேலை கிடைத்தது. போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், விபத்து, தெருச் சண்டை, சவ ஊர்வலம் என்று ஊரின் எல்லாக் கதவுகளுக்குள்ளும் எட்டிப் பார்க்க அனுமதிச் சீட்டு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. 1921ல் முதல் நாவல், அதே ஆண்டு அப்பா போய்விட்டார், 1922 டிசம்பரில் பாரீசுக்கு ரயில்.

பாரீசில் சில ஆண்டுகள் பல புனைபெயர்களில் காதல் கதை, சாகசக் கதை, கிளுகிளுப்புக் கதை என்று கேட்டவர்களுக்குக் கேட்டதை எழுதிக் கொடுத்தார். மெக்ரே நாவல்கள் அவருடைய சொந்தப் பெயரில் 1931 முதல் வரத் தொடங்கின. 1945ல் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய் பத்து வருஷம் இருந்துவிட்டு ஐரோப்பா திரும்பி, பிறகு சுவிட்சர்லாந்தில் குடியேறினார். கடைசி மெக்ரே நாவல் 1972ல் வந்தது. 1989 செப்டம்பரில் லோசானில் இறந்தார். தாத்தாவின் புத்தகங்களில் ஃபயார் பதிப்பகத்தின் பெயர் போட்ட 1930களின் பிரதிகள் இருந்தால் பத்திரம், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஜனங்கள் வேடிக்கை பார்க்க, ஒரு நாவல் எழுதினாராமே?
— கு.வே., வில்லியனூர்

எழுதவில்லை. 1927ல் ஒரு பத்திரிகை முதலாளி அப்படி ஒரு வேடிக்கையைத் திட்டமிட்டார், சிமெனோன் ஒப்புக்கொண்டார், ஊரெல்லாம் பேச்சு, அதற்குள் பத்திரிகை படுத்துவிட்டது. ஆனால் அந்தக் கூண்டைக் கண்ணால் பார்த்ததாகப் பிற்காலத்தில் எழுதிய ஆட்கள் உண்டு! சாட்சிகளின் லட்சணம் இப்படி என்றால் பாவம் போலீஸ் என்ன செய்யும்?

உண்மையிலேயே நடந்த கூத்து இதைவிடப் பிரமாதம். மெக்ரே நாவல்களைப் பதிப்பாளர் ஃபயாரிடம் கொண்டுபோனபோது அவர் தயங்கினாராம்: காதல் இல்லை, அட்டகாசமான வில்லன் இல்லை, முடிவில் கல்யாணம் இல்லை, ஹீரோவோ பருத்த நடுவயது அரசாங்க ஊழியர், யார் வாங்குவார்கள்? இது சிமெனோனே சொன்ன கதை. சரி என்று முடிவானதும், 1931 பிப்ரவரி 20 இரவு பாரீசின் மோன்பர்னாஸ் பகுதியில் ஒரு நடன விடுதியைப் பிடித்து வெளியீட்டு விழா நடத்தினார். அழைப்பிதழ் போலீசின் குற்றவாளி அட்டை மாதிரி அச்சாகியிருந்தது. வாசலில் வந்தவர்களின் விரல் ரேகையை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். பெர்த்திலோன் என்ற பாரீஸ் போலீஸ் அதிகாரி, கைரேகை முறை வருவதற்கு முன்பு, குற்றவாளிகளின் தலை, கை, கால் அளவுகளைக் குறித்துவைத்து அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்தாரே, விழாவுக்கு அந்த முறையின் பெயரையே வைத்தார்கள். மறுநாள் பாரீஸ் பத்திரிகைகளில் இதுதான் பேச்சு. நம் ஊர் புத்தக வெளியீட்டு விழாவில் பொன்னாடைக்குப் பதில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரு நாவலைப் பதினோரு நாளில் எழுதி முடிப்பாராம். நீங்களோ அவரை இலக்கியம் என்கிறீர்கள். அதே வேகத்தில் எழுதும் நம் பாக்கெட் நாவல்காரர்களை மட்டும் ஏன் கேவலமாகப் பார்க்கிறோம்?
— எஸ்.ப., நெல்லிக்குப்பம்

நான் கேவலமாகப் பார்ப்பதில்லை, பார்ப்பவர்களைக் கேளுங்கள். எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், சிமெனோன் தன் பெயரில் சுமார் 190 நாவல்கள், புனைபெயர்களில் ஏறத்தாழ இன்னொரு 200. இதில் மெக்ரே வருவது 75 நாவல்களிலும் 28 சிறுகதைகளிலும். நம் கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1,500 நாவல்களைத் தாண்டியவர், எண்ணிக்கைப் போட்டியில் சிமெனோன் அவர் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

ஆனால் அந்தப் பதினோரு நாள் என்ன என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வேகம் மாதிரித் தெரிகிற வேறொன்று. நாவல் ஒன்று வரப்போகிறது என்று தோன்றியதும் ஒரு பழுப்பு மஞ்சள் உறையை எடுப்பார். டெலிபோன் டைரக்டரிகளைப் புரட்டிப் பெயர் பொறுக்குவார். உறையின் மேல் அந்த ஆளின் பெயர், வயது, முகவரி, அப்பா என்ன வேலை பார்த்தார், மனைவி யார், பிள்ளைகள் எத்தனை, டெலிபோன் எண் என்ன என்றெல்லாம் எழுதுவார். இதில் பெரும்பகுதி நாவலுக்குள் வரவே வராது. கதை என்ன என்று அந்த உறையில் எழுதமாட்டார், அவருக்கே தெரியாது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: இந்த மனிதனுக்கு எது நடந்தால், இவன் தன்னுடைய எல்லை வரைக்கும் போவான்? அந்தச் சம்பவம் முதல் அத்தியாயம்.

தொடங்குவதற்கு முன்பு டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வார். எல்லாச் சந்திப்புகளையும் ரத்து செய்வார். வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறதா என்றும் டாக்டர் பார்க்க வேண்டும், நடுவில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாளுக்கு ஓர் அத்தியாயம். யாரையும் பார்ப்பதில்லை, போனில் பேசுவதில்லை, பகலெல்லாம் அந்தப் பாத்திரமாகவே இருப்பது. நடுவில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அதுவரை எழுதியதைத் தூக்கி எறிந்துவிடுவார், மறுபடி அந்த ஆளுக்குள் புக முடியாது என்பதால். இந்த நெருக்கடியை அதற்கு மேல் உடம்பு தாங்காது என்பதுதான் நாவல்கள் சின்னதாக இருப்பதற்குக் காரணம் என்று 1955ல் கொடுத்த ஒரு நீண்ட பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

திருத்துவது மூன்று நாள். அந்த மூன்று நாளில் சேர்ப்பது எதுவும் கிடையாது, வெட்டுவது மட்டும். இதற்கு ஒரு குரு உண்டு. இருபது வயதில் அவர் சிறுகதைகளைக் கொண்டுபோன நாளிதழில் கதைகளைப் பார்த்தவர் எழுத்தாளர் கொலெத் அம்மையார். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு, இதில் இலக்கியம் ஜாஸ்தியாக இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடு என்றாராம். அதன் பிறகு சிமெனோன் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதுதான்: அழகாக அமைந்துவிட்ட வாக்கியம் கண்ணில் பட்டால் அடித்துவிடுவது, பெயரடைகளைக் களைவது, வெறும் பகட்டுக்காக நிற்கிற சொல்லைத் தூக்குவது. நோபல் பரிசு வாங்கிய ஆந்த்ரே ழீத் இவரை விடாமல் படித்துக் குறிப்பெடுத்தார், கடிதம் எழுதிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இலக்கியத்தைக் களைந்தவரிடம் இலக்கியத்தின் ரகசியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர்.

மாத நாவல் எழுதுகிறவர்களுக்குப் பக்கக் கணக்கும் கெடுவும் வெளியிலிருந்து வருகின்றன. அவர்கள் 96 பக்கத்தை நிரப்ப வேண்டும். சிமெனோன் தேவையில்லாத எதையும் நிற்க விடமாட்டார். வித்தியாசம் நாள் கணக்கில் இல்லை.

கைரேகை, சிகரெட் சாம்பல், சேறு, இதையெல்லாம் பார்க்காமல் பைப் பிடித்துக்கொண்டு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தால் அது துப்பறிவதா? ஹோம்ஸை இறக்கிப் பேசியதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும்.
— கோ.ரா., மஞ்சக்குப்பம், கடலூர்

தெரிவிக்கமாட்டேன்! ஹோம்ஸ் நல்லவர், கெட்டிக்காரர், என் பள்ளிக்கூட வயதை நிறைத்தவர். ஆனால் அவருடைய கதையில் செத்துப்போனவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, பிணம் என்பது புதிரின் முதல் வரி. மெக்ரேவுக்குச் செத்துப்போனவர் யார் என்பதே வழக்கு.

ஒரு உதாரணம். 1954ல் வந்த நாவல் ஒன்றில், பாரீசின் ஒரு சின்ன சதுக்கத்தில் ஈரத் தரையில் இளம்பெண் ஒருத்தியின் உடல் கிடக்கிறது. பழைய, மலிவான, வாடகைக்கு எடுத்த மாலை நேர உடை. பையில்லை, பெயரில்லை. மெக்ரே என்ன செய்கிறார்? அந்த உடையை வாடகைக்கு விட்ட கடைக்காரியிடம் போகிறார், அவள் தங்கியிருந்த வீட்டுக்கிழவியிடம் போகிறார், அவள் எதைச் சாப்பிட்டாள், எதற்கு வெட்கப்பட்டாள், யாரிடம் கடன் கேட்கக் கூசினாள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். அதே வழக்கில் லோஞோன் என்று இன்னொரு இன்ஸ்பெக்டர், மழையில் நனைந்து, ஜலதோஷத்தோடு, ஒரு தெரு விடாமல் அலைகிறார், தடயங்களில் மெக்ரேயை விடவும் அதிகம் சேகரிக்கிறார். கடைசியில் குற்றவாளி சொல்லும் கதையை மெக்ரே நம்ப மறுப்பதற்குக் காரணம் ஒரு தடயமும் இல்லை: அந்தப் பெண் அப்படி நடந்துகொண்டிருக்கமாட்டாள், அவளை எனக்குத் தெரியும் என்பதுதான். உயிரோடு ஒரு முறைகூடப் பார்க்காத பெண்ணைப் பற்றி ஒரு போலீஸ்காரர் அப்படிச் சொல்கிற இடத்துக்கு நாவல் நம்மைக் கொண்டுவந்துவிடுகிறது. இதைத் துப்பறிவது இல்லை என்றால் வேறு எதை என்பீர்கள்?

மதுக்கடையில் உட்காருவது குடிப்பதற்காக மட்டும் இல்லை (கொஞ்சம் குடிப்பதற்காகவும்தான்). அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் எந்த நேரத்துக்கு எழுகிறார்கள், என்ன வாசனையை முகர்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களில் ஒருவன் ஏன் கொன்றான் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கட்சி.

நான் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்தில் மூன்று மெக்ரே நாவல் படித்தேன். கமிஷனரே தெருத்தெருவாக அலைகிறார், குற்றவாளியை விட்டுக்கூட விடுகிறார். நிஜத்தில் இப்படி நடந்தால் மெமோ கொடுப்பார்கள்.
— ஓய்வு பெற்றவர், கோரிமேடு

உங்களுக்கு முன்பே பாரீஸ் போலீஸ் இதைச் சொல்லிவிட்டது சார். மெக்ரே பிரபலமானதும், குற்றப் புலனாய்வுத் துறையின் இயக்குநர் சவியே கிஷார், சிமெனோனை அப்போது சேன் நதிக்கரையிலிருந்த தலைமையகத்துக்கு வரச்சொல்லி, எழுதுவதுதான் எழுதுகிறீர்கள், உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று சுற்றிக் காட்டினார். மர்செல் கியோம் என்ற நிஜமான கமிஷனரோடு அப்படித்தான் பழக்கம். கிஷாரின் பெயரையே நாவல்களில் மெக்ரேயின் மேலதிகாரிக்கும் வைத்துவிட்டார். இதையெல்லாம் கேலி செய்து அவரே 1950 வாக்கில் ஒரு நாவல் எழுதினார். அதில் மெக்ரே தன் நினைவுக் குறிப்புகளை எழுதுகிறார், ஸிம் என்ற ஒரு துடுக்கான இளைஞன் தன்னைப் பற்றி எழுதியதில் எங்கெங்கே தப்பு என்று திருத்துகிறார்.

ஒன்று கவனியுங்கள், அவருடைய பதவி நம் ஊர்க் கமிஷனர் மாதிரி நகரத்துக்கே தலைமை இல்லை. கொலை வழக்குகளைப் பார்க்கும் ஒரு பிரிவின் தலைவர், அவ்வளவுதான். அவருக்கு மேல் விசாரணை நீதிபதி என்று ஒருவர் உண்டு. பிரெஞ்சு முறையில் பெரிய குற்றங்களில் விசாரணையை நடத்துவதே அந்த நீதிபதிதான், போலீஸ் அவருக்காக வேலை செய்கிறது. மெக்ரேவுக்கு வாய்த்த கோமெலியோ என்ற நீதிபதி எப்போது பார்த்தாலும் போன் செய்து அவசரப்படுத்துவார். மேலே இருந்து வரும் போன் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விட்டுவிடுவதைப் பற்றி: ஆரம்ப நாவல் ஒன்றில் லியேழ் நகரத்து இளைஞர்கள் சிலர் ராத்திரி கூடிக் குடித்துப் பேசித் திரிந்ததில் ஒரு சாவு நேர்ந்துவிடுகிறது, ஆண்டுகள் கழித்து அது மெக்ரே கையில் வந்து சேருகிறது. அதன் வேர் நிஜத்தில் இருக்கிறது. சிமெனோன் இளைஞராக இருந்தபோது அப்படி ஒரு கூட்டத்தில் இருந்தார், அதில் ஒரு ஏழைப் பையன் 1922ல் சேன்-ஃபோலியேன் தேவாலயக் கதவில் தூக்கில் தொங்கிக் கிடந்தான். அந்தக் கதையில் மெக்ரே யாரையும் கைது செய்யாமல் திரும்புவதை வாசிக்கும்போது, எழுதியவர் யாருக்கு மன்னிப்புக் கொடுக்கிறார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மெக்ரேயின் மனைவிக்குச் சமைப்பதையும் காத்திருப்பதையும் தவிர வேறு வேலையே கிடையாதா? அந்த அம்மாவுக்குப் பெயராவது உண்டா?
— வி.த., லாஸ்பேட்டை

உண்டு, லூயீஸ். ஆனால் 75 நாவலில் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், எங்கு பார்த்தாலும் மதாம் மெக்ரேதான். அல்சாஸ் பகுதிக்காரர், சமையல் கை அப்படி. குழந்தை பிறந்து தங்கவில்லை என்பது ஓரிரண்டு இடங்களில் ஒரே வரியில் வந்துபோகும். மெக்ரே பிற குழந்தைகளைப் பார்க்கும் விதத்தில் அது தெரியும்.

ஒரு நாவலில் மட்டும் அவருக்குச் சொந்தமாக ஒரு துப்பு கிடைக்கிறது. பல் டாக்டரிடம் போவதற்கு முன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் வழக்கமாக வரும் தொப்பி வைத்த பெண் திடீரென்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு ஓடிவிடுவாள். அந்த அம்மா பிறகு தொப்பிக் கடைகளில் ஏறி இறங்கி, கணவருடைய ஆட்களுக்கு எட்டாத தகவலைக் கொண்டுவருவார். எல்லா நாவலும் அப்படி இருந்திருக்கலாம் என்று எனக்கும் ஆசைதான்.

மெக்ரே இவ்வளவு கருணையானவர். எழுதியவரும் அப்படித்தானே இருந்திருப்பார்?
— பெ.ஆ., அரியாங்குப்பம்

இல்லை. பதினெட்டு வயது நிருபராக லியேழ் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிராக ஒரு முழுத் தொடர் கட்டுரையே எழுதியிருக்கிறார், வெறுப்பு வழிகிற கட்டுரைகள். சின்னப் பையன், முதலாளி சொன்னார் என்பதெல்லாம் விளக்கமே தவிர கழுவாய் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்தபோது, அவர்களுடைய சினிமா கம்பெனிக்கு மெக்ரே கதைகளை விற்றார். நாடு பட்டினி கிடந்த காலத்தில் அவர் வசதியாகவே இருந்தார். போர் முடிந்ததும் அமெரிக்கா போனதில் கணக்குத் தீர்க்க வருவார்களோ என்ற பயமும் கலந்திருந்தது.

தம்பி கிறிஸ்தியான் விஷயம் இன்னும் மோசம். அவர் பெல்ஜியத்து பாசிஸ்டுகளோடு சேர்ந்து, 1944ல் பொதுமக்களைக் கொன்ற ஒரு பழிவாங்கலில் பங்கெடுத்தார். தலை போகும் நிலையில், அண்ணன் சொன்ன யோசனைப்படி, வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரான்சின் அந்நியப் படையில் சேர்ந்து, 1947ல் இந்தோசீனாவில் சண்டையில் செத்தார். புதுச்சேரியிலிருந்து எத்தனை குடும்பங்கள் அந்த நாட்டுக்கு வேலைக்கும் படைக்கும் போய் வந்தன, அந்த மண்ணில்தான் மெக்ரேயைப் படைத்தவரின் தம்பியும் கிடக்கிறார். அம்மாவுக்குச் செல்லப் பிள்ளை அந்தத் தம்பிதான், அவனைச் சாக அனுப்பியது நீதான் என்று அம்மா மூத்தவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற மகன் வருஷக்கணக்காக அனுப்பிய பணத்தைச் செலவே செய்யாமல் சேர்த்துவைத்து ஒரு நாள் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். 1970ல் அம்மா இறந்து சில ஆண்டுகள் கழித்து, அவருக்கு எழுதுவதுபோல சிமெனோன் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் கொலை கிடையாது, ஆனால் அவருடைய நாவல்கள் எங்கிருந்து வந்தன என்று அதைப் படித்தால் தெரியும்.

பெண்கள் விஷயத்தில் தன் வாழ்வில் பத்தாயிரம் பெண்கள் என்று 1977ல் இயக்குநர் ஃபெலினியிடம் பெருமையடித்தார். இரண்டாவது மனைவி அந்தக் கணக்கை வெகுவாகக் குறைத்துச் சொன்னார், கேட்டவர்களுக்கு எது அதிக வெட்கக்கேடு என்று தெரியவில்லை. மகள் மரி-ழோ 1978ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரத்தில் எழுதிய நினைவுக் குறிப்புதான் 1981ல் வந்த அவருடைய கடைசிப் பெரிய புத்தகம். மெக்ரே பெண்டாட்டிக்கு உண்மையாக இருந்து, சாயங்காலம் கைகோர்த்து சினிமாவுக்கு நடந்துபோகிற மனிதர். சிமெனோன் தன்னிடம் இல்லாததையெல்லாம் அவரிடம் கொடுத்துவைத்தார் என்று நினைக்கிறேன்.

தமிழில் மெக்ரே மாதிரி யாரும் இல்லையா?
— ந.சு., பண்ருட்டி

நமக்கு வாய்த்தவர்கள் வேறு மாதிரி. தேவனின் சாம்பு அசட்டு அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பவர். தமிழ்வாணனின் சங்கர்லால் டீயைக் குடித்துவிட்டு உலகம் சுற்றுபவர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள், அதிலும் வசந்த் வாய் திறந்தால் போதும். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கால் வலியோடு மாடிப்படி ஏறி, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற ஒரு போலீஸ்காரரைத் தமிழ் நாவலில் தொடராக நான் சந்தித்ததில்லை. நம் வாசகருக்குப் போலீஸ் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

கல்லூரியில் பிரெஞ்சு படிக்கிறேன். சிமெனோனைப் பிரெஞ்சில் படிக்க முடியுமா?
— மாணவி, முத்தியால்பேட்டை

தாராளமாக. எல்லோருக்கும் புரியவேண்டும் என்று சொற்களை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டவர் அவர். ஒரே தடங்கல், பேச்சில் வராத, எழுத்தில் மட்டும் வருகிற அந்த இறந்தகால வினை வடிவங்கள். அதை ஒரு வாரம் உட்கார்ந்து பழகிவிட்டால் அப்புறம் தடையில்லை. சுஃப்ரேன் தெருவில் அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகம் இருக்கிறது, 1827ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும் நம் ஊரில்தான் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

புதுச்சேரியை வைத்து ஒரு குற்ற நாவல் எழுத ஆசை. வெள்ளைக்காரத் தெரு, கடற்கரை, ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் கொலை என்று தொடங்கியிருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.
— த.அ., முதலியார்பேட்டை

தம்பி, மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பதற்கு. அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்? முதலியார்பேட்டைக்காரர் நீங்கள், பழைய மில்களையும் மூடிய மில்லில் வேலை போனவர்களின் வீடுகளையும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள், அதை விட்டுவிட்டு ஏன் கடற்கரைக்குப் போகிறீர்கள்?

இந்த ஊருக்கு எழுத்தாளன் கேட்டாலும் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: எல்லை. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் இல்லை, தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிக்கிடக்கிறது. பாகூர் பக்கம் போனால் சாலையின் ஒரு வளைவில் அந்த மாநிலம், அடுத்த வளைவில் இந்த மாநிலம். வாய்க்காலில் ஒரு உடல் கிடக்கிறது, எந்த ஸ்டேஷன் எல்லை? உடல் இக்கரையில், செருப்பு அக்கரையில் என்றால் யார் வழக்குப் பதிவார்? முள்ளோடையில் மலிவாக வாங்கிய பாட்டிலோடு கடலூருக்குத் திரும்புகிறவனை அந்தப் பக்கத்துப் போலீஸ் நிறுத்துகிறது, அவன் பையில் பாட்டில் இல்லாமல் வேறு ஏதோ இருக்கிறது. சிவப்புக் குல்லா வைத்த காவலரும் காக்கித் தொப்பிக்காரரும் ஒரே டீக்கடையில் நின்றுகொண்டு, இது உங்கள் ஏரியா சார் என்று ஒருவருக்கொருவர் தள்ளிவிடுகிற காட்சி ஒன்றுக்கே நான் காசு கொடுப்பேன்.

பழைய காலத்துக்குப் போகிறேன் என்றாலும் சரக்கு இருக்கிறது. பாரதியார் 1908ல் இங்கே வந்து பத்து ஆண்டு இருந்தார், அரவிந்தர் 1910ல் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். இவர்கள் யாரோடு பேசுகிறார்கள், தபாலில் என்ன வருகிறது என்று கவனிக்கப் பிரிட்டிஷ் உளவுப் போலீசின் ஆட்கள் ஊர் முழுக்கச் சுற்றினார்கள். 1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டியதும் கைது செய்யப்பட்டு, வைக்கப்பட்ட இடம் கடலூர் சிறை. அந்த உளவாளிகளில் ஒருவன், சம்பளம் சரியாக வராதவன், பிள்ளைகுட்டிக்காரன், தினமும் யாரைப் பின்தொடர்கிறானோ அவருடைய பாட்டு மனப்பாடமாகிவிட்டவன், அவனுக்கு எது நடந்தால் எல்லை வரைக்கும் போவான்? ஒரு உறையை எடுத்து அவனுடைய பெயர், வயது, வீட்டு வாடகை எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை அனுப்பினால் படிக்கிறேன். திருத்தித் தரமாட்டேன்.

எதிலிருந்து தொடங்குவது? வரிசையாகப் படிக்க வேண்டுமா?
— ச.மு., திருப்பாதிரிப்புலியூர்

வரிசை வேண்டாம். மெக்ரேவுக்குச் சில நாவல்களில் ஐம்பத்தைந்து வயது, சில ஆண்டுகள் கழித்து வருகிற நாவலில் அதைவிடக் குறைவு, சிமெனோன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. மழை பெய்கிற கடற்கரை ஊர் பிடிக்கும் என்றால் 'மஞ்சள் நாய்'. கொங்கார்னோ துறைமுகத்தில், காற்றில் அணையும் சுருட்டைப் பற்றவைக்க ஒரு வீட்டு வாசலில் ஒதுங்குகிற மது வியாபாரி கதவுக்குப் பின்னாலிருந்து சுடப்படுகிறார். கடலூர் துறைமுகத்து டிசம்பர் மாதம் தெரிந்தவருக்கு அந்த ஊர் அந்நியமாக இருக்காது. சொந்த ஊருக்குத் திரும்புகிற வலி பிடிக்கும் என்றால் சேன்-ஃபியாக்ர் நாவல்: கல்லறைத் திருநாள் முதல் பூசையில் இந்தக் கோவிலில் ஒரு குற்றம் நடக்கும் என்று ஒரு துண்டுச் சீட்டு வருகிறது, மெக்ரே பூசையில் உட்கார்ந்து எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்கும்போதே, பூசை முடிகையில், அவருடைய அப்பா வேலை பார்த்த மாளிகையின் சீமாட்டி இருந்த இடத்திலேயே இறந்திருக்கிறார். மெக்ரே இல்லாத நாவல்களில் 1948ல் வந்த, அழுக்குப் பனி பெய்யும் நாவலைத் தைரியம் இருந்தால் படியுங்கள், ராத்திரியில் வேண்டாம்.

ஆங்கிலத்தில் பென்குயின் பதிப்பகம் 75 மெக்ரே நாவல்களையும் 2013 தொடங்கிப் புதிதாக மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறது, பழைய மொழிபெயர்ப்புகளை விட இவை மேல். புதுப் பிரதி விலை கட்டுப்படியாகாது என்றால் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகக் குவியல்களைக் கிளறுங்கள், மெக்ரே கிடைத்தால் விலையைக் குறைத்துக் கேட்காமல் வாங்கிவிடுங்கள், நான் அடுத்த வாரம் அதே குவியலுக்கு வருவேன்.